‘கெய்ன்’: எதன் மேல் கூடியது?

போன இதழில் ‘கெட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி எழுதிவிட்டு, அடுத்து எந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தேன். ‘கெய்ன்’ என்று எழுதியவர்கள்தான் அதிகம். முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் எங்கே இடறும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கடிதங்களைச் சுருக்கி, பெயரில்லாமல் ஊரை மட்டும் போட்டுத் தருகிறேன்.

டீச்சர், டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பயோடேட்டாவில் ‘கெய்ன்ட் எ ஜாப்’, ‘கெய்ன்ட் குட் சேலரி’, ‘கெய்ன்ட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதியிருந்தேன். முதல் இரண்டும் தப்பு, மூன்றாவது மட்டும்தான் சரி என்கிறான் நண்பன். மூன்றிலுமே ‘பெற்றேன்’ என்றுதானே அர்த்தம்?
– வேலை தேடும் இளைஞர், ஓசூர்

நண்பர் சொன்னது சரி, தம்பி. நீங்கள் தமிழில் யோசித்ததிலும் தவறில்லை. நம்முடைய ‘பெறு’ பெரிய மனசுள்ள சொல். வேலை பெறலாம், சம்பளம் பெறலாம், பரிசு பெறலாம், பார்சல் பெறலாம், பிள்ளையும் பெறலாம். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை இருக்கிறது. வேலைக்கு ‘கெட்’, சம்பளத்துக்கு ‘ஏர்ன்’, பரிசுக்கு ‘வின்’, பார்சலுக்கு ‘ரிசீவ்’, பரீட்சை மார்க்குக்கு ‘ஸ்கோர்’ அல்லது ‘கெட்’.

அப்படியானால் ‘கெய்ன்’ எங்கே வரும்? வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த ஒரு கேள்வியை உங்களுக்கும் சொல்கிறேன். வாக்கியத்தை எழுதுவதற்கு முன் ‘எதன் மேல் கூடியது?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் பெரும்பாலும் ‘கெய்ன்’ பொருந்தும். அனுபவம் என்பது நேற்று இருந்ததன் மேல் இன்று கொஞ்சம் சேர்வது. அறிவும் அப்படித்தான். தைரியம், வேகம், எடை, செல்வாக்கு, மற்றவர்கள் நம் மேல் வைக்கும் நம்பிக்கை எல்லாமே படிப்படியாகக் கூடுபவை. இவை எல்லாவற்றுக்கும் ‘கெய்ன்’ போடலாம். வேலை அப்படிக் கூடுவதில்லை. நேற்று இல்லை, இன்று கிடைத்தது, அவ்வளவுதான்.

விதிவிலக்கும் உண்டு. ‘கெய்ன் என்ட்ரி’, ‘கெய்ன் அட்மிஷன்’, ‘கெய்ன் ஆக்சஸ்’ என்று சொல்வார்கள். உள்ளே நுழைய வழி கிடைப்பது அது. சுலபமாகத் திறக்காத கதவு என்ற நினைப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. காலேஜில் இடம் கிடைத்ததை அப்படி எழுதலாம். வேலை கிடைத்ததற்கு வேண்டாம்.

இன்னொரு சிக்கல் வாக்கிய அமைப்பில் வருகிறது. தமிழில் அனுபவம் ‘எனக்கு’ வருகிறது, எடை ‘எனக்கு’ ஏறுகிறது. நாம் வாங்கிக்கொள்கிறவர்களாக நிற்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஐ’ முன்னால் வந்து நின்று, நானே அதைச் செய்ததுபோல் பேசும். அதனால்தான் எத்தனையோ பிள்ளைகள் ‘வெயிட் இஸ் கெய்ன்ட் டு மீ’ என்று எழுதிவிட்டு, என்ன தப்பு என்று தெரியாமல் விழிப்பார்கள். ‘எனக்கு’ என்று மனசில் தோன்றினாலும் பேனா ‘ஐ’ என்று தொடங்கட்டும். நீங்கள் ‘ஐ கெய்ன்ட் டூ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதுங்கள். ‘ஐ ஹேவ் கெய்ன்’ என்று ‘ட்’ விட்டுப்போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வினைக்கு வேறு சிக்கலான வடிவம் எதுவும் கிடையாது, அந்த ஒரு ‘ட்’ தான்.

இயற்பியல் கணக்கில் ‘தி க்ளாக் கெய்ன்ஸ் எய்ட் செகண்ட்ஸ் எ டே’ என்று வருகிறது. கடிகாரத்துக்கு 8 வினாடி லாபம் என்று எழுதினேன், தோழிகள் சிரித்தார்கள். லாபம் இல்லையென்றால் வேறு என்ன?
– பிளஸ் ஒன் மாணவி, பட்டுக்கோட்டை

கண்ணு, சிரித்தவர்களை விடு. இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது உன் கேள்விதான். ஏனென்றால் என் அப்பா கடிகாரம் பழுது பார்த்தவர்.

கும்பகோணத்தில் ஒரு சந்துக்குள் எட்டடி அகலக் கடை. சுவர் முழுக்க ஊசல் கடிகாரங்கள் தொங்கும். ஒரு கடிகாரம் பழுதாகி வந்தால் அதன் கீழே ஒரு துண்டுச் சீட்டைச் செருகி, பென்சிலால் ‘முந்துது’ அல்லது ‘பிந்துது’ என்று எழுதுவார். உன் புத்தகத்தில் இருக்கும் ‘கெய்ன்ஸ்’ அந்த ‘முந்துது’தான், ‘லூசஸ்’ என்பது ‘பிந்துது’. இயற்பியல் விடையில் ‘கடிகாரம் நாளொன்றுக்கு 8 வினாடி முந்துகிறது’ என்று எழுது, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இங்கேயும் ‘எதன் மேல் கூடியது?’ என்று கேட்டுப் பார். உண்மையான நேரத்தின் மேல் கூடியது. ஊரில் 24 மணி நேரம் ஓடி முடிந்தபோது, இந்தக் கடிகாரம் 24 மணி நேரமும் அதற்கு மேல் 8 வினாடியும் ஓடி முடித்திருக்கிறது. அந்த உபரி 8 வினாடிதான் ‘கெய்ன்’. யாருக்கும் அதில் லாபமில்லை, ஆனால் கூடுதல் இருக்கிறது.

அந்த 8 எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன், உன் கணக்குக்கு உதவும். ஊசல் குண்டைத் தாங்கும் பித்தளைக் கம்பி சூடானால் நீளும், குளிர்ந்தால் சுருங்கும். ஒரு டிகிரிக்கு, பத்து லட்சத்தில் ஏறக்குறைய 19 பங்கு. பத்து டிகிரி குறைந்தால் 190 பங்கு சுருங்கும். ஊசல் ஒரு தடவை போய் வரும் நேரம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், நேரத்தில் அதில் பாதி, அதாவது 95 பங்கு குறையும். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கிப் பார், 8 வினாடிக்குச் சற்று மேல் வரும். சித்திரை வெயிலில் சரி செய்து கொடுத்த கடிகாரம் மார்கழிக் குளிரில் முந்துவது இதனால்தான்.

அப்பாவுக்கு இந்தச் சூத்திரமெல்லாம் தெரியாது. ஊசலின் அடியில், குண்டுக்குக் கீழே, சின்னத் திருகு ஒன்று இருக்கும். கடிகாரம் முந்தினால் அதை அரைச் சுற்று தளர்த்துவார். குண்டு ஒரு மயிரிழை கீழே இறங்கும், ஊசல் நீண்டு வேகம் குறையும். பிந்தினால் இறுக்கிக் குண்டை மேலே ஏற்றுவார். அப்புறம் அதைத் தொடமாட்டார். ராத்திரி முழுக்க ஓட விட்டுவிட்டு, மறுநாள் காலை வானொலிச் செய்தி தொடங்கும் கணத்தில் நிமிடமுள்ளைப் பார்ப்பார். ஒரு கடிகாரத்துக்கு ஐந்தாறு நாள் கூட ஆகும். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால் ‘ஒரு நாள் போனாத்தாங்க ஒரு நாளைக்கு எவ்வளவு முந்துதுன்னு தெரியும்’ என்பார். உன் கணக்கில் ‘எ டே’ என்று இருக்கிறதே, அதை விட்டுவிடாதே. எவ்வளவு காலத்தில் என்று சொல்லாத ‘கெய்ன்’ அரைகுறைத் தகவல்.

இதே பொருளில் விமானப் பயணத்திலும் இந்தச் சொல் வரும். சென்னையிலிருந்து மேற்கே லண்டனுக்குப் போகிறவர், அங்கே குளிர்காலமாக இருந்தால் ஐந்தரை மணி நேரத்தை ‘கெய்ன்’ செய்கிறார். கைக்கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைக்கிறார், அவருடைய அன்றைய பகல் அவ்வளவு நீள்கிறது. கிழக்கே சிங்கப்பூருக்குப் போகிறவர் இரண்டரை மணி நேரத்தை இழக்கிறார்.

என் மகனுக்கு இரண்டரை மாதம். போன வாரம் எடை போட்டபோது அட்டையில் ‘வெயிட் கெய்ன் இன்அடிக்வேட்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். கூட்டமாக இருந்ததால் விளக்கிச் சொல்லவில்லை. பிள்ளை இளைத்துப் போகிறானா என்று ராத்திரி தூக்கமே இல்லை.
– இளம் தாய், மன்னார்குடி

அம்மா, இந்தக் கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்ற தாய்மார்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

‘இன்அடிக்வேட்’ என்றால் போதவில்லை. ‘வெயிட் கெய்ன்’ என்றால் எடைக் கூடுதல். ‘எடை கூடியிருக்கிறது, ஆனால் கூடவேண்டிய அளவுக்குக் கூடவில்லை’ என்பதுதான் அட்டையில் இருக்கும் செய்தி. பிள்ளை இளைத்தால் ‘வெயிட் லாஸ்’ என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை யாராவது அரை நிமிடம் நின்று சொல்லியிருந்தால் உங்கள் ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

அவர்கள் கணக்குப் பார்க்கும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறையும். மூன்று கிலோவில் பிறந்தது 2 கிலோ 800 கிராமுக்கு வரலாம், அது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். இந்தத் திரும்புதலுக்கு ஆங்கிலத்தில் ‘ரீகெய்ன்’ என்பார்கள். போனது திரும்பி வருவது அது. மயங்கி விழுந்தவருக்கு நினைவு திரும்புவதற்கும் இதே சொல்தான். பிறந்த எடையைத் தொட்ட பிறகு ஏறுவதுதான் உண்மையான ‘கெய்ன்’. முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 கிராம் வரை எதிர்பார்ப்பார்கள். ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். அட்டையில் இருக்கும் அந்த வளைகோடு இதற்காகத்தான்.

என் மூத்த மகள் பிறந்தபோது எனக்கும் இப்படி ஒரு சீட்டு வந்தது. ‘புவர் வெயிட் கெய்ன்’ என்று எழுதியிருந்தது. ஆங்கில டீச்சரான எனக்கு அதில் தெரியாத சொல் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். ‘புவர்’ என்ற சொல் என்னையே குறை சொல்வதுபோல் இருந்தது. வயதான நர்சம்மா ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கும் விதத்தை மாற்றிக் காட்டினார். பால் குடிக்கும் சத்தமே மாறியது. அடுத்த வாரத் தராசில் முள் நகர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. உங்கள் பிள்ளையின் காரணம் வேறாக இருக்கலாம். அதனால் அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ போங்கள். ‘எத்தனை கிராம் கூடியிருக்கிறது, எத்தனை கூடியிருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்து வராதீர்கள்.

சவுண்ட் சர்வீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மிக்ஸரில் மேலே ‘கெய்ன்’ என்று ஒரு குமிழ், கீழே ஏற்றி இறக்கும் ஃபேடர். இரண்டுமே சத்தத்தைக் கூட்டுகின்றன. எதற்கு இரண்டு? எங்கள் அண்ணன் ‘கெய்னைத் தொடாதே’ என்கிறார், ஏன் என்று சொல்லவில்லை.
– மதுரை

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் பல வருடமாக மைக் செட் போடும் தம்பியிடம் போய் உட்கார்ந்தேன். திருவிழா நடந்துகொண்டிருந்தது, கையோடு காட்டியே சொன்னார்.

மைக்கிலிருந்து வருவது மிகச் சின்ன மின்சாரம். சாதாரணப் பேச்சுக்கு ஓரிரண்டு மில்லிவோல்ட். அதை வைத்து மிக்ஸர் எதையும் செய்ய முடியாது. முதலில் அதை ஒரு வோல்ட் அளவுக்குப் பெருக்கவேண்டும். மேலே இருக்கும் ‘கெய்ன்’ குமிழ் செய்வது அதைத்தான், வாசலிலேயே பெருக்கி உள்ளே அனுப்புகிறது. கீழே இருக்கும் ஃபேடர், அப்படி உள்ளே வந்த ஒலியில் எவ்வளவை வெளியே விடலாம் என்று பார்த்துக்கொள்கிறது.

குமிழைச் சுற்றி டெசிபெல் எண்கள் இருக்கும். 20 என்றால் வோல்ட் பத்து மடங்கு, 40 என்றால் நூறு மடங்கு, 60 என்றால் ஆயிரம் மடங்கு. இங்கே ‘கெய்ன்’ என்பது இத்தனை வோல்ட் என்ற அளவு இல்லை, உள்ளே வந்ததைப்போல் எத்தனை மடங்கு என்ற விகிதம். அதனால் மின்னணுவியலில் இதைத் தமிழில் ‘பெருக்கம்’ என்று சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ‘ஒலிபெருக்கி’ என்று நாம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் சொல்லோடு அது ஒட்டிக்கொள்கிறது.

அண்ணன் ஏன் தொடாதே என்கிறார்? அந்தத் தம்பி எனக்குக் காட்டியதைச் சொல்கிறேன். முதலில் பட்டிமன்றப் பேச்சாளர் அம்மா ஒருவர் பேசினார். மெல்லிய குரல், மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றார். அவருக்குக் குமிழ் முக்கால் பங்கு திரும்பியிருந்தது. அடுத்து அதே மைக் நாகஸ்வரத்துக்கு முன்னால் போனது. தம்பி ஓடிப்போய்க் குமிழைப் பின்னால் திருப்பினார். திருப்பாமல் விட்டிருந்தால்? ஒலி உள்ளே நுழையும்போதே நிரம்பி வழிந்து, சிவப்பு விளக்கு எரிந்து, நாகஸ்வரம் கிழிந்த பாட்டாகக் கேட்கும். அப்புறம் ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் கிழிசல் சின்னதாகக் கேட்குமே தவிரப் போகாது. மாறாக, ‘கெய்ன்’ மிகவும் குறைவாக இருந்து ஃபேடரை மட்டும் ஏற்றினால் பேச்சோடு ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். நடுக் கச்சேரியில் ஒருவர் தெரியாமல் ‘கெய்னை’ ஏற்றிவிட்டால் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பி வந்து ‘குய்ய்ங்’ என்று ஊளையிடும்.

அதனால் நிகழ்ச்சிக்கு முன், பேசப்போகிறவர் முழுக் குரலில் பேசும்போது பார்த்துக் குமிழை வைத்துவிட வேண்டும். பிறகு ஏற்றமும் இறக்கமும் ஃபேடரில். உங்கள் அண்ணன் சொன்னது நல்ல பாடம் தம்பி, காரணத்தோடு சொல்லியிருந்தால் இன்னும் நல்லது.

ஆன்டெனா விளம்பரத்திலும் ‘கெய்ன்’ வரும். ஆன்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. டார்ச் விளக்கின் கண்ணாடிக் கிண்ணம் வெளிச்சத்தை ஒரே பக்கம் குவிப்பதுபோல, அலையை ஒரு திசையில் குவிக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருந்தால் கிடைப்பதைவிட அந்தத் திசையில் எவ்வளவு கூடுதல் என்பதே அதன் ‘கெய்ன்’.

‘டாலருக்கு எதிராக ரூபாய் 20 பைசா கெய்ன்’ என்று டிவியில் ஓடுகிறது. ஆனால் எண் 84.50-லிருந்து 84.30-ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்தது எப்படிக் கூடுதல் ஆகும்?
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

அந்த எண் டாலரின் விலை ஐயா, ரூபாயின் விலை இல்லை. ஒரு டாலர் வாங்க நேற்று 84 ரூபாய் 50 பைசா கொடுத்தீர்கள், இன்று 84 ரூபாய் 30 பைசா போதும். டாலர் மலிந்திருக்கிறது, ரூபாய்க்கு மதிப்பு கூடியிருக்கிறது. பருப்பு விலை குறையும்போது உங்கள் கல்லாவில் இருக்கும் ரூபாய்க்கு அதிகப் பருப்பு வருகிறதல்லவா, அதே கணக்கு.

பங்குச் சந்தையில் ‘டாப் கெய்னர்ஸ்’ என்று ஒரு பட்டியல் காட்டுவார்கள். அதைப் பார்க்கும்போது ‘எதன் மேல்?’ என்ற கேள்வியை விடவே கூடாது. நூறு ரூபாய்ப் பங்கு 50 சதவீதம் விழுந்தால் ஐம்பது ரூபாய். மறுபடி 50 சதவீதம் ‘கெய்ன்’ என்று பச்சை எழுத்தில் வந்தால் போட்ட பணம் திரும்பிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஐம்பதின் மேல் ஐம்பது சதவீதம் இருபத்தைந்து. கையில் 75 ரூபாய்தான் இருக்கும். பழைய நூறுக்குத் திரும்ப நூறு சதவீதம் ஏறவேண்டும்.

வீட்டை 40 லட்சத்துக்கு விற்றேன். 12 லட்சத்துக்கு வாங்கியது. ‘கேப்பிடல் கெய்ன்ஸ்’ வரி என்றால் 40 லட்சத்துக்கும் வரியா?
– ஓய்வுபெற்ற ஊழியர், திண்டுக்கல்

இல்லை. பெயரிலேயே ‘கெய்ன்’ இருக்கிறது. போட்டதன் மேல் கூடியதற்கு மட்டும்தான் வரி. தமிழில் ‘மூலதன ஆதாயம்’ என்கிறார்கள், நல்ல மொழிபெயர்ப்பு. உங்கள் கணக்கில் ஆதாயம் 28 லட்சம். விற்பதற்கு ஆன தரகு, இடையில் மாடி கட்டியிருந்தால் அந்தச் செலவு ஆகியவற்றையும் கழிக்கலாம். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் அது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 அன்றோ அதற்குப் பிறகோ விற்றிருந்தால் வரி பன்னிரண்டரை சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடோ மனையோ என்றால், விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் சேர்த்து 20 சதவீதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். கிராமப்புற விவசாய நிலத்துக்கு இந்த வரி கிடையாது. மீதியை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொல்லின் பொருளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

‘கெய்ன்சே’ என்றால் மறுத்துப் பேசுவது என்று அகராதியில் பார்த்தேன். இதில் ‘கெய்ன்’ எங்கிருந்து வந்தது?
– திருநெல்வேலி

அது வேறு ‘கெய்ன்’. பழைய ஆங்கிலத்தில் ‘எதிர்’ என்ற பொருள் கொண்ட முன்னொட்டு. ‘அகெய்ன்ஸ்ட்’ என்பதில் இருப்பதும் அதுதான். ஒலி ஒன்றாகிவிட்டது, உறவு இல்லை.

ஒருவன் முன்னால் ஓடுகிறான், இன்னொருவன் துரத்துகிறான். ‘ஹி இஸ் கெய்னிங் ஆன் ஹிம்’ என்றால் யார் ஜெயிக்கிறார்கள்?
– ஏழாம் வகுப்பு மாணவன், அரியலூர்

இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை. துரத்துகிறவன் நெருங்கிக்கொண்டே வருகிறான், இடைவெளி குறைகிறது. அவ்வளவுதான் செல்லம். பிடித்தானா இல்லையா என்று அடுத்த வாக்கியத்தில் பார்.

தமிழில் ‘கெய்ன்’ என்பதற்கு ஒரே ஒரு சொல் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்? அந்தச் சொல்லின் வேர் என்ன?
– தமிழாசிரியர், காரைக்குடி

ஐயா, உங்களைப் போன்ற ஒருவர் கேட்பார் என்று காத்திருந்தேன்.

ஒரே சொல் என்றால் எனக்கு ‘ஊதியம்’ என்றுதான் தோன்றும். இன்று அதைச் சம்பளம் என்ற பொருளில் மட்டும் வைத்திருக்கிறோம், ஊதிய உயர்வு, ஊதியக் குழு என்று. குறளில் அதற்கு லாபம், ஆதாயம் என்ற பொருள். ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்கிறது 449-ஆம் குறள். முதல் போடாதவனுக்கு அதன் மேல் வரும் ஆதாயம் எங்கிருந்து வரும்? இந்தப் பக்கம் முழுக்க நான் ‘எதன் மேல் கூடியது?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வள்ளுவர் அதை மூன்றே சொல்லில் முடித்துவிட்டார். அந்தப் பழைய பொருளில் ஊதியம் என்ற சொல் நம் பேச்சிலிருந்து போய்விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. ‘ஆதாயம்’ இப்போது அந்த வேலையைச் செய்கிறது. பேச்சில் ‘இதுல உனக்கு என்ன ஆதாயம்?’ என்று கேட்கும்போது ஆங்கிலத்தின் ‘வாட் டு யு கெய்ன்?’ அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

வேர் என்று கேட்டீர்கள். ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சிலிருந்து வந்தது. இன்றைய பிரெஞ்சில் ‘காஞ்ஞே’ என்பதுபோல் ஒலிக்கும் வினை, சம்பாதிப்பது, வெல்வது என்ற பொருளில் வழங்குகிறது. பழைய பிரெஞ்சில் அதற்கு நிலத்தை உழுது பயிரிடுவது என்ற பொருளும் இருந்தது. அதற்கும் பின்னால் போனால் ஒரு ஜெர்மானிய வேர் கிடைக்கிறது, இரை தேடுவது, மேய்வது என்று பொருள். இன்றைய ஜெர்மன் மொழியில் மேய்ச்சல் நிலத்தை ‘வைடே’ என்கிறார்கள், அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

மேய்ச்சலிலிருந்து ஆதாயம் வந்தது நமக்குப் புதிதில்லை. ‘கேடில் விழுச்செல்வம் கல்வி ஒருவற்கு மாடல்ல மற்றை யவை’ என்ற குறளைப் பள்ளியில் படித்தபோது, மாடு எங்கே இதில் வந்தது என்று கேட்ட பிள்ளை நான். தமிழம்மா ‘மாடுன்னா செல்வம்’ என்றார். மாடு மேய்ந்து பெருத்து கன்று ஈன்றால், முன்பு இருந்ததன் மேல் இன்னொன்று. எங்கோ வடக்கு ஐரோப்பாவில் புல்வெளியில் நின்ற ஒருவனுக்கும் இங்கே முல்லை நிலத்தில் நின்ற ஒருவனுக்கும், செல்வம் என்றதும் கண்முன் தெரிந்தது நான்கு கால் பிராணிதான். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று, பணி ஓய்வு பெற்றிருந்தும், ஒரு வகுப்பறைக்குள் ஓடிப்போய்ப் பிள்ளைகளிடம் சொல்லவேண்டும் போல இருந்தது.

அடுத்த இதழுக்கு ‘கீப்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். உங்களை அது எங்கே இடற வைத்தது என்று, வாக்கியத்தோடு எழுதி அனுப்புங்கள்.